மூன்று விரற்கடை வெட்டைக் காக்கும் கையுறை

பெருங்குடலில் புற்றுக்கட்டி வந்தவருக்கு லேப்ராஸ்கோப்பி முறையில் அறுவை சிகிச்சை செய்யும்போது, வயிற்றில் முதலில் நான்கைந்து சிறு துளைகள்தான் போடுகிறார்கள். ஒவ்வொன்றும் 5 முதல் 12 மில்லிமீட்டர் அகலம். கரியமில வாயுவைச் செலுத்தி வயிற்றை உப்ப வைத்து, ஒரு துளை வழியே கேமராவையும் மற்றவற்றின் வழியே கருவிகளையும் நுழைக்கிறார்கள். குடலைப் பிரிப்பது, இரத்தக் குழாய்களைக் கட்டுவது போன்ற பெரிய வேலைகள் உள்ளேயே முடிந்துவிடும். ஆனால் பிரித்தெடுத்த குடல் அந்தத் துளைகளின் வழியே வெளிவராது. அதை எடுக்கத் தொப்புளை ஒட்டியோ அடிவயிற்றிலோ 4 முதல் 6 சென்டிமீட்டருக்கு ஒரு வெட்டுப் போட்டாக வேண்டும். சுமார் மூன்று விரற்கடை.

அறுவை சிகிச்சையின் நீண்ட நேரத்தில் இந்த வெட்டுக்கு ஆகும் நேரம் மிகக் குறைவு. ஆனால் நோயாளி சொன்ன நாளில் வீடு திரும்புவாரா, சீழ் பிடித்துத் தையல் பிரிந்து வாரக்கணக்கில் கட்டு மாற்றிக்கொண்டிருப்பாரா என்பது பெரும்பாலும் இங்கேதான் முடிவாகிறது. இந்த வெட்டின் விளிம்பைக் காக்க ஒரு உறை உண்டு. அதன் விலை எட்டாத இடங்களில், ஆபரேஷன் தியேட்டரில் இருக்கும் பொருள்களைக் கொண்டே மருத்துவர்கள் ஒன்றைச் செய்துகொள்கிறார்கள். அப்படிச் செய்துகொள்ளும் உறையை முறையாகச் சோதித்து, எழுதி வைத்து, எல்லா ஆஸ்பத்திரிக்கும் பொதுவாக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். அந்த வேலையைத் தொடங்கத் திருச்சி மிகப் பொருத்தமான ஊர்.

வெட்டுக்கு வரும் இரண்டு ஆபத்துகள்

முதல் ஆபத்து கிருமி. ஒரு கிராம் மலத்தில் ஏறத்தாழ பத்தாயிரம் கோடி பாக்டீரியாக்கள் உள்ளன. குடலுக்குள் இருக்கும்வரை அவற்றால் தீங்கில்லை. வெட்டிய குடல் முனை, தோலுக்கு அடியிலுள்ள கொழுப்பில் உரசிக்கொண்டு வெளியே வரும்போது அவை அங்கே ஒட்டிக்கொள்கின்றன. கொழுப்பில் இரத்த ஓட்டம் குறைவு என்பதால் எதிர்த்துப் போராடும் அணுக்கள் அங்கே எளிதில் போய்ச் சேர்வதில்லை. நான்காம், ஐந்தாம் நாளில் காயம் சிவந்து, வலித்து, சீழ் கசியத் தொடங்குகிறது.

இந்தச் சுமையை நாடுகள் சமமாகச் சுமக்கவில்லை. 66 நாடுகளில் 343 மருத்துவமனைகளில் வயிற்று அறுவை சிகிச்சை செய்துகொண்ட 12,539 பேரைப் பின்தொடர்ந்த ‘குளோபல்சர்ஜ்’ ஆய்வு 2018இல் வெளியானது. மனித மேம்பாட்டில் முன்னணியில் உள்ள நாடுகளில் 9.4 விழுக்காட்டினருக்குக் காயத் தொற்று ஏற்பட்டது. நடுத்தர நாடுகளில் அது 14 விழுக்காடு. அடித்தட்டில் உள்ள நாடுகளில் 23.2 விழுக்காடு. தினக்கூலிக்குப் போகும் ஒருவருக்குக் காயத் தொற்று என்பது கூடுதல் ஆன்டிபயாட்டிக் செலவோடு நிற்பதில்லை. வேலைக்குப் போகாத வாரங்கள், உடன் இருப்பவர் இழக்கும் கூலி, பின்னாளில் அதே தழும்பில் வரக்கூடிய குடலிறக்கம் என்று அது நீள்கிறது. புற்றுநோயாளியாக இருந்தால் கீமோ சிகிச்சையும் தள்ளிப்போகிறது.

இரண்டாவது ஆபத்து புற்றணு. லேப்ராஸ்கோப்பி முறையில் பெருங்குடலை அகற்றுவது 1990களின் தொடக்கத்தில் பரவியது. சில ஆண்டுகளிலேயே, துளை போட்ட இடத்திலும் வெட்டுப் போட்ட இடத்திலும் புற்று மீண்டும் முளைப்பதாகச் செய்திகள் வந்தன. 1994இல் ‘லான்செட்’ இதழில் நெதர்லாந்து மருத்துவர்கள் எழுதிய கடிதம், தங்கள் நோயாளிகள் 14 பேரில் 3 பேருக்கு இப்படி நேர்ந்ததாகச் சொன்னது. அந்தச் செய்தி மருத்துவ உலகை உலுக்கியது. புற்றுநோய்க்கு இந்த முறையே வேண்டாம் என்று பலரும் ஒதுங்கினார்கள். கட்டியை நேரடியாகப் பிடிக்காமல் இருப்பது, வெட்டின் விளிம்பை மூடிக் காத்த பிறகே குடலை வெளியே எடுப்பது போன்ற ஒழுங்குகள் அந்தப் பத்தாண்டில் வேரூன்றின. 872 நோயாளிகளைக் கொண்ட அமெரிக்க ஆய்வு 2004இல் வெளியானபோது, திறந்த முறை, லேப்ராஸ்கோப்பி ஆகிய இரண்டிலும் காயத்தில் புற்று மீளும் வாய்ப்பு 1 விழுக்காட்டுக்கும் குறைவு என்று தெரிந்தது. அதன் பிறகே இந்த முறைக்கு நம்பிக்கை திரும்பியது.

இரண்டு வளையமும் ஒரு மென்தாளும்

கம்பெனிகள் விற்கும் உறையின் அமைப்பு மிக எளிது. வளைந்து கொடுக்கும் இரண்டு பிளாஸ்டிக் வளையங்கள், அவற்றை இணைக்கும் குழல் வடிவ மென்தாள். ஒரு வளையத்தை நசுக்கி வெட்டின் வழியே வயிற்றுக்குள் விட்டால் அது உள்ளே விரிந்து வயிற்றுச் சுவரின் அடிப்பக்கத்தில் பொருந்திக்கொள்ளும். வெளியே நிற்கும் வளையத்தை வெளிப்பக்கமாகச் சுருட்டச் சுருட்ட, நடுவிலுள்ள தாள் இறுகி வெட்டின் எல்லாப் பக்கத்தையும் அழுத்தும். திருச்சி காந்தி மார்க்கெட்டில் அரிசி மூட்டையின் வாயை வெளிப்புறம் சுருட்டி, அது மூடிக்கொள்ளாமல் நிற்கச் செய்வார்களே, அதே வேலைதான் இது. வெட்டு வட்டமாக விரிகிறது, கொழுப்பு உலராமல் இருக்கிறது, வெளியே வரும் குடல் எங்கேயும் உரசுவதில்லை. வேலை பாக்கி இருந்தால் உறையின் வாயைத் திருகிக் கிடுக்கி போட்டு அடைத்துவிட்டு வயிற்றில் மீண்டும் வாயுவை நிரப்பிக்கொள்ளலாம்.

ஒருமுறை பயன்படுத்திவிட்டு எறிய வேண்டிய இந்தப் பொருளுக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகிறது. வசதியுள்ளவர்களின் பில்லில் அது ஒரு வரியாக மறைந்துவிடும். தமிழ்நாட்டில் 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் வந்த பிறகு, முன்பு பெரிய அறுவை சிகிச்சையை எண்ணிக்கூடப் பார்க்க முடியாத குடும்பங்கள் தியேட்டர் வாசலுக்கு வந்திருக்கின்றன. அது பெரிய மாற்றம். ஆனால் காப்பீட்டில் ஒரு சிகிச்சைக்கு ஒரு தொகுப்புத் தொகைதான். மருந்து, மயக்கம், தையல் நூல், ஸ்டேப்ளர் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். குடலை இணைக்கும் ஸ்டேப்ளரை விட முடியாது. காயத்தைக் காக்கும் உறையை விட்டுவிட்டாலும் அன்றைய அறுவை சிகிச்சை முடிந்துவிடும். அதனால் செலவைக் குறைக்க நினைக்கும்போது முதலில் கைவிடப்படும் பொருள்களில் அதுவும் ஒன்றாகிறது.

மேசை மேலேயே உருவாகும் கருவி

இந்த இடைவெளியில்தான் மருத்துவர்களின் கைத்திறன் நுழைகிறது. அதன் மூலப்பொருள், எந்தத் தியேட்டரிலும் இருக்கும் ஒரு ஜோடி சர்ஜிக்கல் கிளவ்ஸ். சில பத்து ரூபாய்ப் பொருள்.

செய்முறையைக் கிட்ட நின்று பார்த்தால் அதன் நுட்பம் புரியும். பெரிய அளவுக் கையுறை ஒன்றை எடுத்து விரல்களும் உள்ளங்கையும் இருக்கும் பகுதியை வெட்டிவிடுகிறார்கள். மணிக்கட்டை மூடும் குழல் மட்டும் மிஞ்சும். அதன் ஒரு முனையில் ரப்பர் உருண்டு தடித்த விளிம்பு ஏற்கெனவே இருக்கிறது. அந்த விளிம்பு மட்டும் போதாது. வயிற்றுக்குள் விட்டால் சுருங்கி நழுவிவிடும். எனவே மூக்கு வழியே இரைப்பைக்குள் விடும் ரைல்ஸ் டியூப் அல்லது திரவத்தை உறிஞ்சும் சக்‌ஷன் டியூபில் ஒரு துண்டு வெட்டி, ஒரு முனையை மறுமுனைக்குள் செருகித் தைத்து வளையமாக்குகிறார்கள். கையுறைக் குழலின் முனையை அந்த வளையத்தின் மேல் மடித்துச் சுற்றித் தையல் போடுகிறார்கள். மறுமுனைக்கும் அதேபோல் சற்றுப் பெரிய வளையம். வெளி வளையத்தைச் சுருட்டினால், கடையில் வாங்கியது செய்யும் வேலையை ஏறக்குறைய இதுவும் செய்கிறது.

இன்னொரு வகை, கேமரா கவரிலிருந்து வருவது. லேப்ராஸ்கோப்பி கேமராவின் ஒயரை மூடுவதற்கென்று நீண்ட பிளாஸ்டிக் குழலுறை கிருமி நீக்கப்பட்டு வருகிறது. அதில் ஒரு பகுதியை வெட்டி வளையம் கோத்தால் ரப்பரைவிட நீளமான, வழுக்கும் தன்மை கொண்ட உறை கிடைக்கிறது. குடல்வால் போன்ற சிறு உறுப்பை எடுக்க இவ்வளவும் தேவையில்லை. கையுறையின் விரல் ஒன்றை வெட்டி உள்ளே விட்டு, அழுகிய குடல்வாலை அதற்குள் போட்டு வாயை இறுக்கி வெளியே இழுத்துவிடலாம். வெளி வளையத்தின் மேல் முழுக் கையுறையை மாட்டி, அதன் விரல்நுனிகளில் கருவிகளை நுழைத்து, ஒரே வெட்டின் வழியே முழு அறுவை சிகிச்சையையும் முடிக்கும் முறையைக் கொரிய மருத்துவர்கள் 2000களின் இறுதியில் பரவலாக்கினார்கள். இந்தியாவிலும் பலர் அதைக் கையாள்கிறார்கள்.

இந்த ஏற்பாடுகளின் பொதுவான பலம் ஒன்று உண்டு. இவற்றில் சேரும் ஒவ்வொரு பொருளும் ஏற்கெனவே கிருமி நீக்கி உறையிட்டு வந்தது. பிரித்து, மேசை மேலேயே வெட்டித் தைத்து, பயன்படுத்தி, எறிந்துவிடலாம். ஒருமுறைப் பயன்பாட்டுக் கருவியைக் கழுவி மறுபடி பயன்படுத்துவதைவிட இது பாதுகாப்பானது. பிளாஸ்டிக் உறையை நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் வைத்தால் உருமாறிவிடும். மருந்தில் ஊறவைத்து எடுத்தால் மடிப்புகளுக்குள் என்ன தங்கியிருக்கிறது என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

எந்த உறையும் காக்கும் என்பதில்லை

கையால் செய்யும் உறையை ஆதரிப்பவர்கள் நேராக எதிர்கொள்ள வேண்டிய சான்று ஒன்று இருக்கிறது. பிரிட்டனில் 21 மருத்துவமனைகளில் 760 நோயாளிகளைச் சேர்த்து நடந்த ‘ரொசினி’ ஆய்வு 2013இல் வெளியானது. வயிற்றைத் திறந்து செய்த அறுவை சிகிச்சைகளில் காயவிளிம்பு உறை போட்டவர்களிலும் போடாதவர்களிலும் தொற்று ஏறத்தாழ ஒரே அளவு, சுமார் 25 விழுக்காடு. உறையால் பயனில்லை என்பதே அதன் முடிவு. ஆனால் அதில் பயன்பட்டது ஒற்றை வளைய உறை. பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து அலசிய பின்வந்த கட்டுரைகள், இரட்டை வளைய உறைக்கே பயன் தெளிவாகத் தெரிவதாகச் சொல்கின்றன. உலக சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வயிற்று அறுவை சிகிச்சைகளில் காய உறையைப் பரிசீலிக்கலாம் என்றது. அதற்கான சான்று வலுக்குறைவானது என்பதையும் அதே இடத்தில் பதிவு செய்தது.

நம் தியேட்டர்களுக்கு இதிலிருந்து கிடைக்கும் பாடம் கூர்மையானது. விரலை வெட்டிய கையுறையை வெறுமனே வெட்டுக்குள் செருகி வைப்பது மனநிறைவைத் தரலாம், காயத்தைக் காக்காமல் போகலாம். வயிற்றுச் சுவரோடு இறுகப் பொருந்துவதுதான் உறையின் உயிர். அந்த இறுக்கத்தைத் தருவது இரண்டாவது வளையமும் சுருட்டும் முறையும். சில பத்து ரூபாயில் செய்யும்போதும் இந்த அம்சத்தில் சமரசம் கூடாது.

வேறு சில எச்சரிக்கைகளும் உண்டு. கையுறைக்குள் தூவும் மாவுத்தூள் வயிற்றுக்குள் போனால் குடல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், சிறு கட்டிகள் உருவாகும். இந்தக் காரணங்களுக்காகவே அமெரிக்கா 2017 ஜனவரி முதல் மாவிட்ட கையுறைகளைத் தடை செய்தது. நம் சந்தையில் அவை இன்னும் கிடைக்கின்றன. வயிற்றுக்குள் போகும் உறைக்கு மாவில்லாக் கையுறை கட்டாயம். இயற்கை ரப்பர் ஒவ்வாமை உள்ளவரா என்று நோயாளியை முன்பே கேட்க வேண்டும். கூரிய கருவி பட்டால் ரப்பர் கிழியும். கிழிந்த துணுக்கு உள்ளே தங்கிவிடாமல் இருக்க, பஞ்சையும் ஊசியையும் எண்ணுவதுபோல் உறையின் துண்டுகளையும் தியேட்டர் சிஸ்டர் எண்ணிச் சரிபார்க்க வேண்டும். டியூப் முனைகளைச் செருகிய இடம், ரப்பரைத் தைத்த ஊசித்துளைகள் ஆகிய இரண்டும்தான் கசிவுக்கு வழிவிடக்கூடிய பலவீனமான இடங்கள்.

கைத்திறன் மருத்துவ அறிவான கதைகள்

நெருக்கடியில் பிறந்த ஏற்பாடு உலக மருத்துவத்தில் இடம்பிடித்த வரலாறு உண்டு. 1984இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் ஆஸ்வால்டோ பொராயஸ் என்ற மருத்துவர், வீங்கி மூட முடியாத நிலையிலிருந்த நோயாளியின் வயிற்றைத் திரவ மருந்து வந்த பிளாஸ்டிக் பையை வெட்டித் தைத்து மூடினார். ‘பொகோட்டா பை’ என்ற பெயரில் அது பாடநூல்களில் நுழைந்தது. நம் நாட்டில் இன்னும் முழுமையான முன்மாதிரி இருக்கிறது. மகாராஷ்டிராவின் தொண்டாய்ச்சா என்ற சிற்றூரில் பணியாற்றிய ரவீந்திரநாத் டோங்காவ்கர், குடலிறக்கத்துக்குப் பொருத்தும் விலைமிக்க வலைக்குப் பதிலாகக் கொசுவலைத் துணியைக் கிருமி நீக்கிப் பயன்படுத்தினார். தன் ஊரோடு நிற்காமல் பல இடங்களின் மருத்துவர்களைச் சேர்த்து முடிவுகளைத் தொகுத்து 2003இல் வெளியிட்டார். அந்த வழியில் உகாண்டாவில் 302 ஆண்களிடம் நடந்த ஒப்பீட்டு ஆய்வு 2016இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வந்தது. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது கொசுவலைக்கும் கம்பெனி வலைக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

இந்தியாவில் லேப்ராஸ்கோப்பியே இப்படிப்பட்ட மனிதர்களால்தான் வேரூன்றியது. தெஹம்டன் உத்வாடியா 1990இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் பித்தப்பையை இந்த முறையில் அகற்றினார். கோவையில் சி. பழனிவேலு, நாய்களின் வழியே பரவும் நாடாப்புழுவால் கல்லீரலில் தோன்றும் நீர்க்கட்டியை அகற்றத் தனிக் கருவி ஒன்றை வடிவமைத்தார். அந்தக் கட்டியின் நீர் வயிற்றுக்குள் சிந்தினால் உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை வரலாம், நோயும் வயிறெங்கும் பரவலாம். சிந்தாமல் உறிஞ்சி எடுக்கும் அக்கருவி ‘பழனிவேலு ஹைடாடிட் சிஸ்டம்’ என்ற பெயரில் ஆய்விதழ்களில் பதிவாகியிருக்கிறது. கிராமப்புற அறுவை மருத்துவர் ஜெ. ஞானராஜ், வாயு இல்லாமலேயே வயிற்றுச் சுவரைத் தூக்கிப் பிடித்துச் செய்யும் லேப்ராஸ்கோப்பியை எளிய ஆஸ்பத்திரிகளுக்குக் கொண்டுபோனார். பின்னர் இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகக் குழுவும் இந்திய மருத்துவர்களும் சேர்ந்து அதற்கு ஒழுங்கான கருவி வடிவம் கொடுத்தார்கள்.

இவர்கள் எல்லோரும் தாம் செய்ததை அளந்து, எழுதி, பிறர் சோதிக்கத் தந்தார்கள். காய உறையை உருவாக்கிக்கொள்ளும் நம் மருத்துவர்கள் பலரிடம் இந்தக் கடைசிப் படி பாக்கி நிற்கிறது. ஒருவர் இடம் மாறினால் அவர் முறையும் அவரோடு போய்விடுகிறது.

திருச்சியில் தொடங்கலாம்

எழுதி வைப்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. ஸ்ரீரங்கம் கோயிலில் தன்வந்திரி சன்னதியோடு இணைந்த ஆரோக்கியசாலை ஒன்று இருந்ததையும், சிதைந்துபோன அதைக் கருடவாகன பட்டர் புதுப்பித்ததையும் 1493ஆம் ஆண்டுக் கல்வெட்டு சொல்கிறது. அதற்கு நான்கு நூற்றாண்டு முன்பே, வீரராஜேந்திர சோழன் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டு, 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலையில், அதாவது மருத்துவமனையில், சல்லியக்கிரியை எனப்படும் அறுவை சிகிச்சை செய்பவர் உட்பட யார் யார் பணியாற்ற வேண்டும், எந்த மருந்து எவ்வளவு இருப்பில் இருக்க வேண்டும் என்று அளவோடு பட்டியலிட்டது. மருத்துவம் தனிமனிதரின் கைராசியாக நின்றுவிடாமல் நிறுவனத்தின் அறிவாக வேண்டும் என்ற தெளிவு அந்தப் பட்டியலில் இருக்கிறது.

இன்றைய திருச்சியில் அதற்கான கூறுகள் எல்லாம் ஊரிலும் அதைச் சுற்றியுமே அமைந்திருக்கின்றன. புத்தூரில் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையும் அதோடு இணைந்த கி.ஆ.பெ. விசுவநாதம் அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கத்திலிருந்தும், அக்கம்பக்க மாவட்டங்களிலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். தில்லைநகரில் தனியார் மருத்துவமனைகள் வரிசையாக உள்ளன. துவாக்குடியில் 1964இல் மண்டலப் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிய தேசியத் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. பெல் நிறுவனத்தை ஒட்டி வளர்ந்த சிறு பட்டறைகளில், வரைபடத்தைப் பார்த்து அளவு பிசகாமல் பொருள் செய்து தரும் கைகள் இருக்கின்றன.

இவர்கள் சேர்ந்து செய்ய வேண்டிய வேலையின் வரிசையும் தெளிவானது. முதலில் மேசைச் சோதனை. கையுறைகளில் துளை இருக்கிறதா என்று அறிய 1 லிட்டர் நீரை ஊற்றிக் கசிவு பார்ப்பது உலகெங்கும் வழக்கம். வளையம் தைத்த உறைக்கும் அதேபோல் ஒரு கசிவுச் சோதனையை வகுக்கலாம். எவ்வளவு இழுத்தால் ரப்பர் கிழிகிறது, எந்த டியூப் வளையம் நசுக்கிய பிறகு முழுதாக விரிகிறது என்பதைப் பொறியியல் மாணவர்கள் அளந்து சொல்லிவிடலாம். அடுத்து, ஒரே செய்முறை. எந்த அளவுக் கையுறை, எத்தனை சென்டிமீட்டர் டியூப், எத்தனை தையல் என்று படத்தோடு ஒரு பக்கத்தில் எழுதித் தியேட்டர் சுவரில் ஒட்ட வேண்டும்.

மூன்றாவது, நோயாளிகளிடம் ஆய்வு. உறை போடாமலே சிகிச்சை நடக்கும் இடங்களில், நெறிமுறைக் குழுவின் அனுமதியோடும் நோயாளியின் ஒப்புதலோடும், உறை போடும் பிரிவையும் போடாத பிரிவையும் ஒப்பிடலாம். காயத் தொற்று 100க்கு 20 என்று கொண்டால், உறை அதைப் பாதியாக்குகிறதா என்பதை ஆய்வுகளில் வழக்கமாகக் கேட்கப்படும் 80 விழுக்காடு திறனோடு கண்டறிய, பிரிவுக்குச் சுமார் 200 பேர் போதும். ஒரு மருத்துவமனைக்கு இது பாரம், நான்கைந்து சேர்ந்தால் கைக்கெட்டும் எண்ணிக்கை. 2007இல் தொடங்கிய இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிந்துவிட்டால் முடிவு சாதகமானாலும் பாதகமானாலும் மறைக்க முடியாது.

நம் நாட்டில் இத்தகைய ஆய்வு நடக்காது என்ற அவநம்பிக்கைக்கு இடமில்லை. இந்தியா உட்பட 7 நாடுகளில் 81 மருத்துவமனைகளில் 13,301 பேரிடம் நடந்த ‘சீட்டா’ ஆய்வு 2022இல் ‘லான்செட்’டில் வந்தது. வயிற்றை மூடித் தைப்பதற்கு முன் கையுறையையும் கருவிகளையும் மாற்றினால் காயத் தொற்று 18.9 விழுக்காட்டிலிருந்து 16 விழுக்காடாகக் குறைகிறது என்று அது நிறுவியது. புதுக் கையுறையும் தனியாக எடுத்துவைத்த கருவிகளும் தவிர அதற்கு வேறெதுவும் தேவையில்லை. இதை எந்தத் தியேட்டரும் நாளையே தொடங்கலாம்.

கடைசிப் படி சட்டமும் சந்தையும். ஒரு மருத்துவர் தன் நோயாளிக்காக மேசையில் செய்துகொள்வது வேறு, அதையே பொருளாகத் தயாரித்து விற்பது வேறு. 2017ஆம் ஆண்டின் மருத்துவக் கருவி விதிகளின்படி தயாரிப்பவருக்கு உரிமமும் தரச்சான்றும் வேண்டும். அது தேவையான கட்டுப்பாடு. உள்ளூரில் தயாரித்தால் என்ன நடக்கும் என்பதற்கு மதுரையே சாட்சி. 1992இல் தொடங்கிய அரோலேப், கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸின் விலையை ஏழைக்கும் எட்டும் அளவுக்கு இறக்கியது. இரண்டு வளையமும் ஒரு மென்தாளும் கொண்ட உறை அதைவிடக் கடினமான பொருள் அன்று. சோதனையில் தேறிய வடிவத்தைத் திருச்சிப் பட்டறைகள் தயாரித்து, 1994இல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாகக் கொள்முதல் செய்தால், அரசு ஆஸ்பத்திரி மருத்துவர் டியூபை வெட்டித் தைத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

தானாகச் செய்துகொண்ட உறைக்கும் அந்த மருத்துவருக்கும் நாம் நன்றி சொல்ல வேண்டும். ஆனால் ஏழையின் காயம் ஒருவருடைய சாமர்த்தியத்தை நம்பியே எப்போதும் இருக்கக் கூடாது. பணம் கட்டியவரின் வெட்டுக்குக் கிடைக்கும் அதே காவல் காப்பீட்டு அட்டையோடு வருபவரின் வெட்டுக்கும் கிடைக்க வேண்டும். அதற்கு வேண்டிய பொருள் ஏற்கெனவே தியேட்டரில் இருக்கிறது. அதை அளந்து, சோதித்து, எழுதித் தரும் பொறுப்பைத் திருச்சியின் மருத்துவக் கல்லூரியும் பொறியியல் கழகமும் சேர்ந்து ஏற்க வேண்டும்.